செயலாளர் ஆண்டறிக்கை: நரம்பு, தசை நோய்களோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து எப்படியோ வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் நம் மருத்துவர் சங்க நடப்பு. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே மௌன அஞ்சலி செலுத்திவிட்டோம். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி உறுப்பினர்களுக்கு அன்று சங்கம் கிடையாது என்பது நமக்குப் புதிதல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், மறுபடி சர்க்கரை என்று சுற்றிக்கொண்டிருந்த நம் தொடர் மருத்துவக் கல்வியை நிறுத்திவிட்டு, வருடம் முழுக்க நரம்பு, தசை நோய்களை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று சென்ற பொதுக்குழுவில் முன்மொழிந்தவன் நான். ஏன் என்று அன்று சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், பதிவில் இருக்கட்டும்.

தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு ஒரு தாய் தன் ஐந்து வயதுப் பையனை அடிக்கடி கூட்டி வருவார். "ஓடறப்போ விழுந்துடறான் சார், படி ஏற மாட்டேங்கறான்" என்பார். நான் கால்சியம் சிரப் எழுதினேன். ஆடுசதை உருண்டு திரண்டு இருந்ததைப் பார்த்து, "இவன் ஃபுட்பால் ஆடுவாம்மா" என்று வேறு சொன்னேன். பிறகு ஒரு காய்ச்சலில் ரத்தம் பார்த்தபோது கல்லீரலுக்காகப் பார்க்கும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் பல மடங்கு ஏறியிருந்தன. கல்லீரல் என்று முடிவு கட்டினேன். பாட்டி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார், நான் மாத்திரை கொடுத்தேன். இருவர் வைத்தியத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு வருடம் போனது.

ஒரு நாள் என் கிளினிக்கில் உட்கார்ந்திருந்த இளைய உறுப்பினர் ஒருவர், பையனைத் தரையில் சம்மணமிட்டு உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னார். அவன் முதலில் குப்புறத் திரும்பி நாலு காலில் நின்றான். ஒரு கையை முழங்காலில் ஊன்றினான், அப்புறம் இன்னொன்றை. தன் தொடையையே ஏணியாக்கி ஏறி நிமிர்ந்தான். 1879-இல் கவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்த அதே அறிகுறி, எம்.பி.பி.எஸ். வைவாவில் நானே நடித்துக் காட்டிய அறிகுறி. தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதியான சி.பி.கே. பதினைந்தாயிரத்தைத் தாண்டி வந்தது. டூஷேன் தசைச் சிதைவு, தசைகள் படிப்படியாக அழியும் மரபணு நோய்.

அந்த இரண்டு நொதிகளும் தசையிலும் இருக்கின்றன, தசை சிதைந்தாலும் ஏறும். தசை சிதைந்தால் ஏறாத கல்லீரல் நொதியான ஜி.ஜி.டி. ஒன்றைச் சேர்த்துப் பார்த்திருந்தால் அது சாதாரணமாக இருந்திருக்கும், எனக்கும் உறைத்திருக்கும். முதல் கூட்டத்தை இந்தக் கதையோடுதான் தொடங்கினோம். நான் முடித்ததும் அரங்கத்தில் மேலும் மூன்று பேர் தங்கள் கதையைச் சொன்னார்கள். பெயர் போடவில்லை, அவர்களுக்கே தெரியும்.

அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நரம்பியல் பேராசிரியர் ஒருவர் வருடம் முழுக்க நமக்கு வகுப்பெடுத்தார். ஸ்லைடு வேண்டாம், நோயாளி வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. டூஷேனில் அவர் வலியுறுத்தியவற்றில் சிலவற்றை மட்டும் குறிக்கிறேன். சந்தேகம் வந்தால் தசையை வெட்டி எடுக்க ஓட வேண்டாம், முதலில் எம்.எல்.பி.ஏ. மரபணுச் சோதனை, பெரும்பாலானவர்களுக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை உடல் எடையில் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் தினமும் கொடுத்தால் நடக்கும் காலம் நீளும். அதைத் தொடங்கும் முன் பாக்கி தடுப்பூசிகளைப் போட்டு முடிக்க வேண்டும். இதயத்துக்கு ஆண்டுதோறும் எக்கோ. அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே சீட்டு. தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் போட்டால் பொட்டாசியம் எகிறி மேசையிலேயே இதயம் நின்றுவிடலாம்.

இன்னொன்று, இது மருந்துச் சீட்டில் எழுத முடியாதது. அந்தப் பையன் வீட்டில், "அத்தை மகனைக் கட்டினதாலதான் இப்படி" என்று மருமகளைக் கரித்துக் கொட்டியிருக்கிறார்கள். டூஷேனுக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தமில்லை. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது அது. மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குத் தாயிடம் குறையே இருக்காது, புதிதாக நேர்ந்தது. சொந்தத்தில் கட்டுவதால் கூடுவது தோள், இடுப்புத் தசைகளைத் தாக்கும் லிம்ப் கர்டில் வகைகள், முதுகுத் தண்டின் நரம்பணுக்கள் கெட்டுத் தசை மெலியும் எஸ்.எம்.ஏ. போன்றவை. இதைப் பொறுமையாக உட்கார்ந்து பெரியவர்களுக்குச் சொல்லாமல் மரபணு ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொடுத்தால், தாய் கேரியர், அதாவது குறையைச் சுமப்பவர், என்ற ஒரு வரி அந்தப் பெண்ணை வீட்டை விட்டே அனுப்பிவிடும்.

எஸ்.எம்.ஏ.வுக்கு 2016-இலிருந்து மருந்துகள் வந்துவிட்டன. விலைதான் நம் பேச்சுக்கு எட்டாதது. தேசிய அரியவகை நோய்க் கொள்கையில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. முகம் பளிச்சென்று பார்க்கும், கை கால் மட்டும் துவண்டு கிடக்கும், நாக்கு ஓரத்தில் புழு நெளிவதுபோல் துடிக்கும் குழந்தையை "வளர வளரச் சரியாயிடும்" என்று அனுப்பாதிருப்பது நம் பங்கு.

இரண்டாவது கூட்டம் மயஸ்தீனியா கிரேவிஸ், நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் தசை சீக்கிரம் களைத்துவிடும் நோய். காசிமேட்டிலிருந்து வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவருக்குக் காலையில் கண் திறந்திருக்கும், சாயங்காலம் வலது இமை தொங்கிவிடும். கண்ணாடி மாற்றி மாற்றிக் களைத்திருந்தார். பேராசிரியர் ஒரு கையுறை விரலில் ஐஸ் துண்டுகளை அடைத்து, மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் இமை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தூக்கியிருந்தது. "மீனுக்கு வெக்கிற ஐஸை எனக்கே வெச்சிட்டியே சார்" என்றார் அவர். சிரிப்பு அடங்க நேரமானது. நம் பகுதியில் இதைவிட மலிவான, இதைவிட எளிதில் கிடைக்கும் பரிசோதனைக் கருவி வேறில்லை.

அன்று பேராசிரியர் கேட்ட ஒரு கேள்விதான் எல்லோரையும் சுட்டது. "தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் எழுதாதவங்க கையைத் தூக்குங்க." ஒரு கையும் எழவில்லை. மயஸ்தீனியா இருப்பவருக்கு அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், மெக்னீசியம், பீட்டா பிளாக்கர், ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் எதுவும் மூச்சுத் தசையைக் கவிழ்க்கக்கூடும். இந்தப் பட்டியலை அட்டையாக லேமினேட் செய்து கொடுத்திருக்கிறோம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கத்தான். அலமாரிக்குள் வைக்க அல்ல. மார்பு சி.டி. எடுக்கவும் மறக்க வேண்டாம். பத்தில் ஒருவருக்காவது தைமஸ் கட்டி இருக்கும். 1934-இல் கிரீனிச்சில் ஒரு சாதாரண மருத்துவமனையில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற டாக்டர்தான், இந்த நோய் தசையை முடக்கும் குராரே விஷம் போலிருக்கிறதே என்று யோசித்து அந்த விஷத்தின் முறிவு மருந்தைப் போட்டுப் பார்த்தார். பெரிய பேராசிரியர் அல்ல அவர். நமக்கு அது ஓர் ஆறுதல்.

மூன்றாவது கூட்டம் திடீர்ப் பலவீனம் பற்றியது. கூட்டம் நிரம்பி வழிந்ததும் இதற்குத்தான். மழைக்குப் பின் குழாய்த் தண்ணீர் கலங்கி, வயிற்றுப்போக்கு வந்து போய், இரண்டு வாரத்தில் கால் மரத்து எழ முடியாமல் வருபவருக்கு இடுப்பு வலி ஊசி போட்டு அனுப்புகிறோம். முழங்காலைத் தட்டிப் பார்ப்பதில்லை. தட்டினால் அசையாது. அது கில்லன் பாரே, உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய். முதல் வாரத்தில் முதுகுத் தண்டு நீர் சாதாரணமாக இருக்கலாம், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு இதில் வேலை செய்யாது, நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்புப் புரதமான ஐ.வி.ஐ.ஜி. அல்லது பிளாஸ்மா மாற்றம்தான். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கடைசி நிமிடம் வரை 98 காட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 20-ஐத் தொடாமல் மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லிக்கு அனுப்புங்கள். நோயாளி வீட்டார் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள், குழம்ப வேண்டாம்.

கல்யாண விருந்து சாப்பிட்டுப் படுத்த இளைஞர் விடிகாலையில் கை கால் அசைக்க முடியாமல் கிடந்தால் பொட்டாசியம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், கூடவே தைராய்டும். புழல், மணலிப் பக்கம் தரையில் படுத்தவர் வயிற்று வலியோடு எழுந்து, இமை தொங்கினால், கடித்த தடம் தேடி நேரம் கழிக்காமல் கட்டுவிரியன் என்று நினைக்க வேண்டும். 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கை கால் துவண்டால், போலியோ கண்காணிப்புக்காக அதை அரசுக்கு அறிவித்தாக வேண்டும். 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி. "போலியோதான் போயிடுச்சே" என்றார் ஓர் இளைய டாக்டர். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில். அதற்குப் பிறகு அது இல்லை என்று நாம் சொல்ல முடிவதே இந்த அறிவிப்பு நிற்காததால்தான்.

அன்று சோதித்ததில் பாதிப்பேர் பையில் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் இல்லை. ஸ்டெத்தாஸ்கோப்பின் விளிம்பால் தட்டுகிறோம் என்றார்கள். மொத்தமாக வாங்கினோம். பொருளாளர் முகம் சுளித்தது எனக்குத் தெரியும்.

நான்காவது கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு. வராதவர்கள் இழந்தது அதிகம். நம் ஊர்ப் பெயரையே தாங்கிய நோய் ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய், தசையை இயக்கும் நரம்பணுக்கள் கெடும் நோய்களில் ஒரு வகை. மீனாட்சிசுந்தரமும் அவர் சகாக்களும் 1970-இல் இங்கிருந்து எழுதியது. இளம் வயதில் கை கால் மெலியும், முகமும் தொண்டையும் தளரும், சிலருக்குக் காதும் மந்தமாகும். ஆனால் மெதுவாகத்தான் போகும். அதே வகையில் வேகமாகக் கொல்லும் ஏ.எல்.எஸ். என்று சொல்லி இரண்டு மூன்று வருடம் கெடு வைத்துவிட்டால் அந்தக் குடும்பத்தைக் காரணமில்லாமல் கொன்றதாகும். ஹிராயாமா நோயையும் அன்றே பார்த்தோம். இருபது வயதுப் பையன், ஒரு கை மட்டும் மெலிவு, "குளிர்ல விரல் வெறச்சிக்குது" என்பான். கழுத்தைக் குனிய வைத்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நேராகப் படுக்க வைத்து எடுத்தால் தவறிப்போகலாம்.

குறைகள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீயோடு கிளம்பும் பழக்கம் இந்த ஆண்டும் ஒழியவில்லை. தொடர் மருத்துவக் கல்விக்கு ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் என்பது கையெழுத்துக்கு அல்ல, உட்கார்ந்ததற்கு. பிசியோதெரபிக்கு அருகில் ஓர் இடம் ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன், முடியவில்லை. சக்கர நாற்காலிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல இன்றும் அம்மாக்களின் இடுப்புதான் வண்டி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் தசைச் சிதைவும் ஒன்று, மாநில அரசின் மாதப் பராமரிப்பு உதவியும் உண்டு என்பதைச் சீட்டின் பின்புறமாவது எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பையன் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். உள்ளே நுழைந்ததும் நான் கேட்காமலே தரையில் உட்கார்ந்து எழுந்து காட்டுகிறான். நொடியை எண்ணி அட்டையில் எழுதுகிறேன்.

அடுத்து வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுத்தியல் வாங்காத உறுப்பினர்கள் பெயர் வாசலில் இருக்கும் நோட்டில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் மாடிக்குச் சாப்பிடப் போகவும்.