அச்சிட்டவர் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெருக்கடி நிலை காலத்துத் தணிக்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிறைக்குப் போன ஆசிரியர்கள், எழுத்தாளர்கள் எல்லோரையும் சொல்லியிருந்தீர்கள். அச்சகத்துக்காரர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அச்சகக்காரர் மகன் என்பதால் எனக்கு உறுத்தியது.

கடலூர் திருப்பாப்புலியூரில் என் அப்பா ஒரு ட்ரெடில் மெஷின் (காலால் மிதித்து ஓட்டும் சின்ன அச்சு இயந்திரம்) வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக், இவ்வளவுதான் வேலை. 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த வாரமே ஒருவர் கடைக்கு வந்து, "இனிமேல் எது அடித்தாலும் ஒரு காப்பி எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த ஆபீஸ் என்று அப்பா கேட்கவில்லை. கேட்கிற காலமா அது! அப்புறம் ஒரு வருஷம், காதுகுத்து அழைப்பிதழைக்கூட இரண்டு முறை புரூப் பார்த்தார். கட்சிக்காரர்கள் இரங்கல் நோட்டீஸ் அடிக்க வந்தபோது, ரோலர் போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார். ரோலர் நன்றாகத்தான் இருந்தது.

அவர் பயந்தது நோட்டீஸின் அடியில் இருக்கும் ஒரு வரிக்கு. புத்தகமோ பத்திரிகையோ, அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டம். எழுதியவர் புனைபெயரில் ஒளிந்துகொள்ள முடிந்தது. அச்சிட்டவருக்கு அந்த வசதி இல்லை.

பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகைக்கு நடந்ததையே பாருங்கள். 1908-இல் சென்னையில் மாட்டிக்கொண்டவர், பதிவில் ஆசிரியராக இருந்த மு. சீனிவாசன். ஐந்து வருஷம் தண்டனை. பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். பிரெஞ்சு எல்லை என்பதால் பத்திரிகையும் அங்கிருந்தே வந்தது. அந்த அச்சகத்தைத் தொட முடியாத பிரிட்டிஷ் அரசு, பத்திரிகை தன் எல்லைக்குள் நுழையாமல் தடுத்துவிட்டது. 1910-இல் 'இந்தியா' நின்றே போனது. (1918 நவம்பரில் எல்லை தாண்டிய பாரதியாரைப் பிடித்து வைத்ததும் எங்கள் கடலூரில்தான்.)

நெருக்கடி நிலை அறிவித்த 1975 ஜூன் 25 ராத்திரியும் இதே கதைதான். டெல்லியில் பல பத்திரிகை அச்சகங்கள் இருந்த பகதூர் ஷா சஃபர் சாலையில் முதலில் கரண்டை நிறுத்தினார்கள். தணிக்கை உத்தரவெல்லாம் அப்புறம்தான். நாடாளுமன்றப் பேச்சை வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பாக 1956-இல் சட்டம் கொண்டுவந்தவர் பெரோஸ் காந்தி. அதை நீக்கியது அவர் மனைவியின் அரசு. இதையும் கட்டுரையில் விட்டுவிட்டீர்கள்.

இப்போது ட்ரெடில் இல்லை, ஆனால் பிடிக்கிற இடம் அதேதான். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே திறக்காமல் போனது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கும்படி மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு பக்கத்துக்காக மொத்தக் கடைக்கும் பூட்டு! 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையமும் போனும் நின்றபோது, அரசு வைத்துக் கொடுத்த சில கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் நிருபர்கள் காத்துக் கிடந்தார்கள். இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தளங்களை முடக்கும் உத்தரவுகளை ரகசியமாக வைத்துக்கொள்ள மட்டும் விதியே இருக்கிறது. அப்பாவிடம் வந்தவரும் பேர் சொல்லாமல்தான் போனார்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், அச்செழுத்துக் கோத்த பழைய கம்பாசிட்டர்களையும் மெஷின்மேன்களையும் கேளுங்கள். கடலூர், புதுச்சேரி பக்கம் என்றால் இரண்டு பேரை நானே அழைத்து வருகிறேன். ஒருவருக்குக் காது மந்தம், கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
அச்சகக்காரர் மகன்,
திருப்பாப்புலியூர், கடலூர்.