சந்திப்புக்கு முன்பே முடிந்துபோகும் சைக்கிள் பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சைக்கிளிலேயே அலுவலகம் சென்று வருபவன் நான். சைக்கிள் பாதை என்ற பெயரில் சாலையோரத்தில் தீட்டப்படும் பச்சைப் பட்டையைப் பற்றிச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியே தெரிவிக்க விரும்புகிறேன்.

நான் அன்றாடம் செல்லும் சாலையிலும் அப்படியொரு பட்டை போடப்பட்டது. முதல் வாரத்திலேயே கார்களும் இஸ்திரி வண்டியும் மாலை நேர பஜ்ஜிக் கடையும் அதன்மேல் இடம்பிடித்துவிட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அரையடி உயரத் தடுப்புக்கல்கூட இல்லாத இடத்தை, அதன் நிறத்தைப் பார்த்து யாரும் விட்டுவைக்கப் போவதில்லை. என் குறை வேறு. அந்தப் பட்டை சிக்னலுக்குச் சுமார் 30 மீட்டர் முன்பாகவே முடிந்துவிடுகிறது. தனியாகவே சமாளித்துவிடக்கூடிய நேர்சாலையில் கூடவே வந்த பாதை, ஆபத்து தொடங்கும் இடத்தில் இல்லை.

சந்திப்பில் நேரே செல்ல வேண்டிய சைக்கிள் இடது ஓரமாகப் போகிறது. அதற்கு வலப்புறம் வரும் வேனோ லாரியோ இடப்பக்கம் திரும்புகிறது. ஓட்டுநரின் கண்ணுக்கும் பக்கவாட்டுக் கண்ணாடிக்கும் எட்டாத இடத்தில் சைக்கிள் சிக்கிக்கொள்கிறது. சிக்னலுக்குக் காத்திராமல் இடப்பக்கம் திரும்ப விடும் ‘ஃப்ரீ லெஃப்ட்’டுக்காக மூலையை அகலமாக வளைத்துக் கட்டியிருப்பதால், திரும்பும் வண்டிகள் வேகத்தைக் குறைப்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படித் திரும்பிய சரக்கு வேன் ஒன்று என் ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டுப் போனதில், ஆறு வாரம் கையில் மாவுக்கட்டோடு பேருந்தில் சென்றேன். நிறுத்தத்துக்காகப் பேருந்து இடப்பக்கம் ஒதுங்கும் ஒவ்வொரு முறையும், ஓரமாக வரும் சைக்கிள்காரர் நடுச்சாலைக்குத் தள்ளப்படுவதை அப்போது ஜன்னல் வழியே பார்த்தேன்.

இவற்றுக்கெல்லாம் தீர்வு தெரியாமல் இல்லை. பாதையைப் பேருந்து நிழற்குடைக்குப் பின்புறமாகக் கொண்டுசெல்லலாம். மூலையின் வளைவைக் குறுக்கலாம். கிளைத்தெருக்கள் வந்து சேரும் இடங்களில் பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, வண்டிகள் ஏறி இறங்கும்படி செய்யலாம். சிக்னலில் சைக்கிள்கள் நிற்பதற்கான கோட்டை மற்ற வண்டிகளுக்கு முன்னால் போடலாம். இன்று சைக்கிள் நாடு என்று புகழப்படும் நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் உட்பட 3,000க்கும் அதிகமானோர் சாலைகளில் உயிரிழந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே அங்கும் நிலைமை மாறத் தொடங்கியது.

சின்னதாகத் தோன்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மழைநீர் வடிகாலின் மூடிகளில் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால், சைக்கிளின் மெல்லிய சக்கரம் அவற்றின் இடுக்கில் இறங்கிவிடும். குறுக்குவாக்கில் வைத்தால் போதும். கூடுதல் செலவு எதுவும் இல்லை. ஆனால், சைக்கிளில் ஒருமுறையாவது அந்தச் சாலையில் போய்ப் பார்த்த ஒருவர்தான் இதைக் கவனிப்பார்.

ஞாயிறு காலையில் தலைக்கவசத்துடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர்களை மட்டும் மனத்தில் வைத்து நான் இதை எழுதவில்லை. நாளிதழ் போடும் பையன்கள், இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளிகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோரே அன்றாடம் சைக்கிளை நம்பி இருப்பவர்கள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியருக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. வண்டியைக் கொடுக்கும் அரசே அது பத்திரமாகப் போய்ச்சேர வழியையும் தர வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்ட மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறது. அதன்படி ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எதற்குச் செலவானது என்ற கணக்கை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இனி எத்தனை கிலோமீட்டருக்கு வண்ணம் தீட்டலாம் என்று திட்டமிடுவதற்கு முன், ஏதேனும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அருகிலுள்ள ஒரேயொரு சந்திப்பை மேலே சொன்னபடி முழுமையாகத் திருத்திக் கட்டி, பள்ளி விடும் நேரத்தில் பொறியாளர்கள் அங்கே நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிளில் செல்லும் ஒரு வாசகர்,
சென்னை.