ஓகஸ்டில் வா, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

வேலை கூட, அதுதான் நீ எடுப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டொரொண்டோவில் பனி கொட்டுவதைச் செய்தியில் காட்டினார்கள். இரவில் தனியாகக் கார் ஓட்டாதே.

போன கிழமை பிரஸ்டன் ஸ்டேஷனுக்கு நீராவி எஞ்சின் பூட்டிய ஸ்பெஷல் ஒன்று வந்தது. கரிப்புகை மூக்கில் ஏறியதும் எனக்கு 1968தான். உனக்குத் தெரிந்த கதை, ஆனாலும் சொல்கிறேன். பிரிட்டன் முழுக்க டீசலுக்கு மாறிய பிறகும் கடைசிவரை நீராவி ஓடியது எங்கள் லங்காஷயரில்தான். கடைசியாக மூடிய மூன்று நீராவி எஞ்சின் ஷெட்களும் இங்கேதான்: லொஸ்டொக் ஹோல், ரோஸ் குரோவ், கார்ன்ஃபோர்த். ஓகஸ்ட் 3, சனிக்கிழமை இரவு, பிரஸ்டனிலிருந்து 8.50க்கு பிளாக்பூலுக்கு ஒரு கோச்சி, 9.25க்கு லிவர்பூலுக்கு ஒன்று. அத்தோடு வழக்கமான நீராவிப் பயணம் சரி. நான் அப்போது வார்டில் டியூட்டி. 11ஆம் திகதி லிவர்பூலிலிருந்து கார்லைலுக்குப் போய்வர ஒரு பிரியாவிடை ரயில் விட்டார்கள், டிக்கெட் 15 கினி, பதினைந்து பவுணுக்கும் மேலே. அந்தக் காலத்தில் யாரால் முடியும்?

இப்போது அந்த மணத்துக்கு உருகுகிறவர்கள் வெளியே காயப்போட்ட வெள்ளைத்துணியில் கரி படிந்த தெருக்களை மறந்துவிடுகிறார்கள். என்னிடம் மருந்துக்கு வந்த, எஞ்சினில் கரி அள்ளிப்போட்ட பழைய ஃபயர்மேன்களின் முதுகையும் நான் பார்த்தவன். ஆனால் அவர்களே அந்த எஞ்சினைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நோவை மறந்து அரைமணி நேரம் இருப்பார்கள், வெளியே மற்ற நோயாளிகள் காத்திருப்பார்கள், எனக்கும் எழுப்பி அனுப்ப மனம் வராது. பிரிட்டிஷ் ரயில்வேக்குக் கடைசியாகக் கட்டிய நீராவி எஞ்சின் ஈவ்னிங் ஸ்டாரை 1960இல் ஸ்விண்டனில் கட்டி 1965இலேயே சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐந்தே வருஷம்! எஞ்சினில் பிழை இல்லை, நாட்டின் திட்டம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிள்ளை.

வேல்ஸில் பாரி என்ற ஊரில் இரும்புக்கடைக்காரர் ஒருவர் பழைய வேகன்களை முதலில் வெட்டிக்கொண்டிருந்ததால் எஞ்சின்கள் வருஷக்கணக்கில் துருப்பிடித்து நின்றன. அதிலிருந்து 213 எஞ்சின்களைச் சனம் காசு சேர்த்து மீட்டது. சம்பளம் இல்லாமல் சனி ஞாயிறுகளில் வேலை செய்து ஓட வைத்தவர்கள் இவர்கள்.

நீ வடிவமைத்த பாலத்தின் படத்தைக் கோயிலில் எல்லாருக்கும் காட்டினேன். அவர்களே பிறகு மகள் எப்படி என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அப்பாவுக்கு ஒரு வரி எழுத இவ்வளவு கஷ்டமா? மருமகனுக்கு என்று வாங்கிய எஞ்சின் புத்தகம் மேசையிலேயே கிடக்கிறது. அனுப்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மாமி ஏதோ சொன்னா. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் கார் ஓட்டாதே என்று சொன்னேன்தானே.

ஓகஸ்டில் வா. கீத்லிக்குப் போவோம், இன்னும் நீராவி ரயில் ஓடுகிற பாதையில் ஹாவொர்த் தாண்டி ஒக்ஸன்ஹோப் வரை அந்த ஐந்து மைலும். 1968இல் அந்தக் கடைசி இரவு பிளாக்பூல் கோச்சியை இழுத்த 45212தான் பிறகு அந்தப் பாதைக்குப் போனது, சின்னதில் நீ நம்பர் பாடமாக்கி வைத்திருந்த அதே எஞ்சின். விமான டிக்கெட்டை நான் எடுக்கிறேன். தனியாக வந்தாலும் வா, ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டோம், அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். திரும்பும் திகதி போடாமல் எடுக்கவா என்பதை மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா