மூத்தோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

எல்லாருக்கும் வணக்கமுங்க. பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம், பழனிப் பயணம் மூன்றும் வழக்கம் போல நடந்தன. பயணச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசியாச்சு, விட்டுவிடலாம்.

செவ்வாய், வெள்ளி காலையில் நடக்கும் சமநிலைப் பயிற்சியைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். “வயசானவங்கள ஒத்தக்கால்ல நிக்க வெக்கிறாருங்க” என்று டீக்கடையில் ஓடுகிற பேச்சு என் காதுக்கும் வந்தது. நிற்க வைத்தேன்தான். 2022-இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைப் பத்து நொடி அப்படி நிற்கச் சொன்னார்கள், ஐந்தில் ஒருவரால் முடியவில்லை, அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பும் அவர்களிடையே கூடுதல். ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. நான் அப்படிச் சொன்னதாகக் கிளப்பிவிட்டவர் யாரென்றும் தெரியும்.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன, சுண்ணாம்புத் துகள் படிந்த இரண்டு சிறு பைகள் சாய்வை உணர்கின்றன. கண்ணும் பாதமும் சொல்வதையும் சேர்த்து, நாம் விழாமல் நிற்க மூளை கணக்குப் போடுகிறது. இரண்டு காதிலும் இந்த உறுப்பு செயலிழந்தவர்களை ஜெர்மனியில் சோதித்தபோது, மூளையில் வழியை நினைவு வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கியிருந்தது (2005). அதே நாட்டில் 2017-இல் வந்த ஆய்வில், 12 வாரம் சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. மொத்தம் 40 பேர்தான், அதுவும் ஆரோக்கியமானவர்கள், நம்மைப் போல சர்க்கரையும் மூட்டுவலியுமாக வந்தவர்கள் இல்லை. அதனால் மறதி நோய் வராது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சாக்பீஸ் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நடப்பது, சுவர்க் காலண்டரின் தேதியை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்புவது, ஒற்றைக்காலில் நிற்பதோடு சேர்த்து இவ்வளவுதான் பயிற்சி. வள்ளி கும்மி ஆடுகிற அம்மணிகள் முதல் நாளே தடுமாறாமல் செய்தார்கள். சுற்றிக்கொண்டே கைதட்டி, அடியையும் பாட்டையும் நினைவு வைப்பவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? வள்ளி ஒயில் கும்மி பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வாட்ஸ்அப்பில் கைதட்டிக் குவித்த நம் ஆண்கள், ரெண்டு அடி போடக் கூப்பிட்டால் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் வரப்பில் புல்லுக்கட்டோடு நடந்தவர்கள்தானே, இன்றைக்கு டைல்ஸ் தரையில் சுவரைத் தடவிப் போகிறோம்!

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகவே இருக்கின்றன, விவரம் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். மண்டபம் தந்த கோயில் கமிட்டிக்கும் டீ போட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் பயிற்சி தொடருமா என்று கேட்கிறார்கள். சுவரோரம் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி வேண்டும். இப்போதைக்கு நாற்காலி முதுகைத்தான் பிடிக்கிறார்கள், அது வழுக்குகிறது. சந்தா பாக்கி பாதி வந்தாலே கம்பி போட்டுவிடலாம். பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிப் பொருளாளர் நெருக்குகிறார், ஆடி நோம்பி வரைக்கும் பொறுங்க என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.