முள்ளிவாய்க்கால் வாய்மொழிப் பதிவும் பாடநூலும்: நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளே,

கடந்த கார்த்திகையில் எங்கள் வாய்மொழிப் பதிவுக்குச் சாட்சி சொல்ல வந்திருந்த ஒரு அம்மா, கைப்பைக்குள் இருந்து துணித்துண்டொன்றை எடுத்து மேசையில் விரித்தார். அரக்கு நிறக் கூறைச்சேலையின் தலைப்பு. ஓரமெல்லாம் கறுப்பு நூலில் கைத்தையல். மடிப்பைத் தட்டியபோது கொஞ்சம் மணல் உதிர்ந்தது. 2009இல், இலங்கையின் வடக்கே வன்னியில் நடந்த போரின் கடைசி மாதங்களில், முள்ளிவாய்க்காலுக்கு அருகிலுள்ள மாத்தளன் கடற்கரையில் பங்கர் (பதுங்குகுழி) வெட்டினால் மணல் சரிந்து மூடிவிடும். அடுக்குவதற்குச் சாக்கு இல்லை. பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டிப் பையாகத் தைத்து, மண் நிரப்பி அடுக்கினார்கள். "கலியாணத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் இதை வெளியில எடுத்தனான்" என்றார் அந்த அம்மா.

பக்கத்தில் நின்ற பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள்: "ஏன் அம்மம்மா, சாக்கு வாங்கேலாதோ?"

பிள்ளையில் பிழையில்லை. அவள் 2009க்குப் பிறகு பிறந்தவள். அவளுக்கு விளங்கச் சொல்லும் பாடநூல் ஒன்று எங்கள் வகுப்பில் இல்லாததுதான் எங்கள் மனக்குறை. சாட்சிகளின் பேச்சைப் பதிந்து அப்படியொரு நூலை ஆக்கத்தான் இந்த வேண்டுகோள்.

2021இல் ஒன்ராறியோ சட்டமன்றம், மே 18இல் முடியும் வாரத்தைத் தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரமாக்கியது. 2022இல் கனடிய நாடாளுமன்றம் அந்நாளை நினைவு நாளாக ஏற்றது. 2025 மே மாதம் பிரம்ரனில் நினைவுத் தூபியும் எழுந்தது. இவ்வளவும் போராடிப் பெற்றவை. ஆனாலும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் இன்றும் நாலைந்து பிரதித் தாள்களை வைத்துத்தான் படிப்பிக்கிறார்கள்.

பிள்ளைகள் அழுதுவிட்டுப் போவதற்கான புத்தகம் எங்களுக்கு வேண்டாம். விசாரித்து அறிய வேண்டும். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011இல் இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த கணக்கையே எடுங்கள். 2008 ஒக்ரோபரில் கச்சேரி (மாவட்டச் செயலக) பதிவின்படி வன்னியில் இருந்தோர் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். பிள்ளைகள் தாங்களே கழித்துப் பார்க்கட்டும். போர் நடந்தபோது உள்ளே 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்றது அரசு. உயிரோடு வந்தவர்களே அதற்கு நான்கு மடங்கு. இந்தப் பொய்க் கணக்குக்கு ஏற்பத்தான் உணவும் மருந்தும் குறைக்கப்பட்டன. அங்கே மக்கள் குடித்த உப்புக்கஞ்சியை மே மாதத்தில் நாங்கள் ஏன் நினைவாகக் குடிக்கிறோம் என்பதும் அப்போது விளங்கும்.

இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்ற 2011ஆம் ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் பாடத்தில் வரும். வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததும் சுட்டதும் அதே அறிக்கையில் உண்டு. அதையும் மறைக்கமாட்டோம். இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே நீண்ட வாக்குவாதம் நடந்தது. பாதியை மறைத்துச் சொன்னால் மற்றப் பாதியையும் பிள்ளை நம்பாது என்ற முடிவுக்கு வந்தோம்.

முதற் கட்டத்துக்கு 24,000 டொலர் வேண்டும். பெரும்பங்கு எழுத்தாக்கத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் போகும். ஒரு மணிநேரப் பேச்சைக் கேட்டு எழுதி முடிக்க ஒருநாள் பிடிக்கிறது. அச்சுச் செலவு தனி. சாட்சி சொன்ன சிலர் அதன்பிறகு பல இரவுகள் நித்திரை கொள்வதில்லை. அவர்களோடு இருந்து பேச உளவளத்துணையாளர் ஒருவரை அமர்த்துகிறோம். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்ப்பதாக இல்லை.

இருபது டொலர் என்றாலும் தாருங்கள். சனிக்கிழமைகளில் வகுப்பு மண்டபத்தில் நேரில் தரலாம், கையோடு பற்றுச்சீட்டு எழுதித் தருவோம். வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் போடப்படும். வீட்டில் பழைய படங்கள், முகாம் அட்டைகள், வன்னியில் இருந்து வந்த கடிதங்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம்.

அந்தச் சேலைத்தலைப்பை அம்மா எங்களிடமே விட்டுச் சென்றிருக்கிறார். இப்போதைக்கு அது ஒரு கடைப் பையில் சுற்றியபடி இருக்கிறது. சேரும் பணத்தில் முதலில் வாங்கப்போவது, அது உக்கிப் போகாமல் வைப்பதற்கு ஒரு பெட்டி.