‘கடினம்’ நிலை குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விற்பனைக் குறிப்பில் சொன்னபடி ‘கடினம்’ நிலை அமையாதது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் உத்தி ஆர்பிஜி விளையாட்டை (வீரர்களைக் கட்டங்களில் சுற்றுச் சுற்றாக நகர்த்திச் சண்டையிடும் வகை) வாங்கி, முதலில் ‘சாதாரணம்’ நிலையிலும் பிறகு ‘கடினம்’ நிலையிலும் இறுதிவரை ஆடி முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். கடின நிலையில் எதிரிகள் கூர்மையாகச் சிந்திப்பார்கள் என்று விற்பனைக் குறிப்பில் சொல்லியிருந்தீர்கள். நான் பார்த்தவரை அவர்களுடைய உயிர்ப்புள்ளிகள் மட்டுமே கூடியிருக்கின்றன.

சாதாரண நிலையில் 40 உயிர்ப்புள்ளிகள் கொண்ட ஈட்டி வீரன், அம்புக்கு 20 புள்ளிகள் குறைக்கும் என் வில்லாளியிடம் இரண்டு அம்புகளில் விழுந்துவிடுவான். கடின நிலையில் அவனுக்கு 60 புள்ளிகள் என்பதால் மூன்று அம்புகள் வேண்டும். வெறும் 42 புள்ளிகள் கொடுத்திருந்தாலும் அதே மூன்று அம்புகள்தாம் தேவைப்பட்டிருக்கும் என்பதால், ஆயுதங்களின் அடிக்கணக்கைப் பார்க்காமல் எல்லா எதிரிகளுக்கும் ஒரே பெருக்கல் எண்ணைப் போட்டுவிட்டார்களோ என்ற ஐயம் எழுகிறது. அவனுடைய நடத்தையிலோ எந்த மாற்றமும் இல்லை. பாலத்தின் குறுகிய முனையில் கேடய வீரன் ஒருவனை நிறுத்திவிட்டால், ஆற்றைச் சுற்றி வர வழியிருந்தும், எதிரிகள் வரிசையாக வந்து அவன்மேலேயே மோதிச் சாகிறார்கள். சாதாரண நிலையில் எட்டுச் சுற்றுகளில் முடிந்த அந்தச் சண்டை இங்கே பதின்மூன்று சுற்றுகள் நீண்டது. நான் புதிதாக யோசிக்க வேண்டிய கட்டம் ஒன்றுகூட வரவில்லை.

ஐந்தாம் களத்தில் எதிரியின் கூடுதல் படை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பின்புறத்தில் தோன்றி, தோன்றிய சுற்றிலேயே தாக்குகிறது. முதல் ஆட்டத்தில் அதை யாராலும் ஊகிக்க முடியாது, இரண்டாவது ஆட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரு சுற்று முன்னதாக, அது தோன்றப்போகும் கட்டங்களில் ஓர் அடையாளம் காட்டியிருந்தால், பின்வாங்குவதா முன்னேறுவதா என்று முடிவெடுக்கும் வேலையாவது எனக்கு இருந்திருக்கும்.

என்னை மிகவும் வருத்தியது, ஓர் அடி பலிக்கும் வாய்ப்பைக் காட்டும் சதவீதம். சாதாரண நிலையில் திரையில் காட்டும் எண்ணுக்கு மேல் மறைவாகச் சலுகை தரப்படுகிறது என்றும், கடின நிலையில் அது நீக்கப்படுகிறது என்றும் தங்கள் புதுப்பிப்புக் குறிப்பின் கடைசி வரியில்தான் அறிந்தேன். மறைக்கணக்கு இந்த வகை விளையாட்டுகளுக்குப் புதிதல்ல. ஃபயர் எம்பிளம் தொடர் 2002 முதல் பல பாகங்களில் அடி பலிக்குமா என்று தீர்மானிக்க ஒரு தற்போக்கு எண்ணுக்குப் பதிலாக இரண்டின் சராசரியைப் பயன்படுத்தியதால், திரையில் 90 என்று காட்டிய அடி உண்மையில் 98 விழுக்காடு அளவுக்குப் பலித்தது. ஆனால் அங்கே கடினநிலையை மாற்றியதும் கணக்கு மாறவில்லை. இங்கோ, 75 என்றால் நம்பலாம் என்று நாற்பது மணிநேரம் பழக்கிவிட்டு, அடுத்த நிலையில் அதே 75-க்கு வேறு பொருள் வைத்திருக்கிறீர்கள். சலுகை இல்லாதபோது, 75 விழுக்காட்டு அடிகள் இரண்டும் சேர்ந்து பலிக்கும் வாய்ப்பு 56 விழுக்காடுதான். அந்தப் பழைய நம்பிக்கையில் அடி வைத்து மூன்று வீரர்களை நிரந்தரமாக இழந்தேன்.

எனவே, எல்லா நிலைகளிலும் உண்மையான சதவீதத்தையே காட்டவும், எதிரியின் புள்ளிகள், கூடுதல் படை, நிரந்தர மரணம் ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்றிக்கொள்ள வசதி செய்யவும் வேண்டுகிறேன். எதிரிகளின் நடத்தையைத் திருத்தும் எண்ணம் இல்லையென்றால், விற்பனைக் குறிப்பிலிருந்து அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு, நான் செலுத்திய தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். களவாரியான ஆட்டப் பதிவுகளை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்