பாஸ்போர்ட்டைத் தேடி எடு, ராஜி

தஞ்சாவூர்
ஜனவரி 19

அன்புள்ள ராஜி,

உனக்குக் கடிதம் எழுதி எட்டு மாதமாகிவிட்டது. தொலைபேசியில் பேசுவது கணக்கில் வராது. சாப்பிட்டாயா, முட்டி எப்படி இருக்கிறது என்பதோடு முடிந்துபோகிறது. அண்ணன் காரியத்துக்கு வந்தபோது உன் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேனே தவிர, எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வந்த வார்த்தையெல்லாம் யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டதாக இருந்தது. அதற்குப் பிறகு எழுத உட்காரும்போதெல்லாம் அந்த இரண்டு நாள் குறுக்கே வந்து நிற்கும், பேனாவை மூடிவிடுவேன். இன்று எழுதியே தீர வேண்டியிருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோமதிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு அப்படியே வார்டன் அம்மா மூக்கு என்று கோமதியே சொல்கிறாள். பொங்கலுக்கு உன் தம்பி அனுப்பிய கரும்பு வந்து சேர்ந்தது, நன்றி சொல்லிவிடு.

விஷயம் இதுதான். மே மாதம் நான் சுபாவிடம் போகிறேன். ஜெர்மனியில் அவள் இருக்கும் டிரெஸ்டனிலிருந்து செக் நாட்டின் தலைநகர் பிராக் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள்தான். மூன்று நாள் அங்கே தங்கப் போகிறோம். 'போகிறோம்' என்று எழுதியிருக்கிறேன், கவனி. நீயும் வருகிறாய்.

"இந்த வயதில் எனக்கு எதற்கடி ஊர் சுற்றல்" என்று கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடாதே. முழுதும் படித்துவிட்டு, அதற்குப் பிறகு வேண்டுமானால் திட்டு.

முதலில் சுபா போட்ட திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாளில் ஐந்து தலைநகரங்கள். பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், இன்னொன்று எனக்கே மறந்துவிட்டது. எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்ன பார்ப்பது என்று நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டு அனுப்பினாள். நாம் பிள்ளைகளை மைசூர் சுற்றுலா கூட்டிப்போனபோது சாமுண்டி மலையில் பதினைந்து நிமிடம் என்று விசில் அடித்தாரே பெரிய சார், அந்த ஞாபகம்தான் வந்தது. எனக்கு ஒரே ஊர் போதும், அது பிராக்தான் என்று சொல்லிவிட்டேன். இங்கே எல்லோரும் ஏன் பாரிஸ் போகக் கூடாது, ஸ்விட்சர்லாந்து போகக் கூடாது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. நூலகத்தில் எடுத்துப்போக விடமாட்டார்கள் என்பதற்காக, கமில் சுவெலபிலின் புத்தகத்தை மூன்று வாரம் உட்கார்ந்து நோட்டில் எழுதினாயே. கோடு போட்ட நோட்டு, பச்சை மை. சங்கப் பாடல்களை ஒரு வெள்ளைக்காரர் இப்படி உள்ளே புகுந்து படித்திருக்கிறாரே என்று நீ இரவெல்லாம் பேசினாய். நான் தூங்கிவிட்டேன். "ஒரு நாள் அவர் ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும்" என்றாய். இரண்டாம் தடவை எழுப்பிச் சொன்னதால் ஞாபகம் இருக்கிறது.

அவர் ஊர் பிராக். 1927இல் அங்கேதான் பிறந்தார். அங்கேயே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் படித்து, பிறகு தமிழும் திராவிட மொழியியலும் கற்பித்தார். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் அந்த ஊருக்குள் புகுந்த பிறகு, குடும்பத்தோடு நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. அமெரிக்கா, அப்புறம் ஹாலந்து. நீ பச்சை மையில் எழுதினாயே, 1973இல் வந்த அந்தப் புத்தகம், அது சொந்த ஊர் இல்லாமல் இருந்தவர் எழுதியது. அப்போது நம் இரண்டு பேருக்கும் இது தெரியாது. 2009 ஜனவரியில், இதே பொங்கல் நாட்களில்தான் அவர் பிரான்சில் காலமானார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதன் முன்னால் உள்ள சதுக்கத்துக்கு யான் பலாக் என்ற மாணவன் பெயர். அதே கலைப்புலத்தில் படித்தவன், 20 வயது. படையெடுப்புக்கு எதிராக 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லஸ் சதுக்கத்தில் தனக்குத் தீ வைத்துக்கொண்டான். மூன்று நாள் கழித்து, ஜனவரி 19இல் உயிர் போனது. கடிதத்தின் மேலே தேதி போடும்போதுதான் எனக்கே உறைத்தது. 34 வருடம் வகுப்பில் அந்த வயதுக்குச் சற்றுக் கீழே இருக்கும் பிள்ளைகளோடு இருந்தவள் நான். அவர்களுடைய கோபம் எப்படி இருக்கும் என்று தெரியும். எந்தத் தாய்க்கும் அந்தச் செய்தி வரக் கூடாது. கட்டடத்துச் சுவரில் அவன் முகத்தை வார்ப்பாகப் பதித்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சும்மா நின்றுவிட்டு வரலாம். அதுதான் மூன்றாம் நாள்.

இனி உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410இல் வைத்த ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது, இன்றும் ஓடுகிறது. மணிக்கு மணி கூட்டம் கூடுகிறதாம், மேலே இரண்டு சன்னல் திறந்து இயேசுவின் பன்னிரண்டு சீடர்களின் பொம்மைகள் ஊர்வலம் போவதைப் பார்க்க. எனக்கு அந்த ஊர்வலம் பெரிதாகப் படவில்லை. கடிகாரத்தின் முகத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் பூமி. அதைச் சுற்றி வானம், பகலுக்கு நீலம், இரவுக்குக் கறுப்பு. ராசிச் சக்கரம் தனியாக ஒரு வளையமாகச் சுழல்கிறது. சூரியன் எந்த ராசியில் இருக்கிறான், சந்திரன் எந்த ராசியில் என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். சந்திரன் ஒரு சின்ன உருண்டை, பாதி வெள்ளி, பாதி கறுப்பு. தானே திரும்பி வளர்பிறையும் தேய்பிறையும் காட்டும். எல்லாவற்றுக்கும் வெளியே இன்னொரு வளையம், அதில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை. அந்தக் காலத்தில் அவர்கள் சூரியன் மறைந்ததிலிருந்து நாளை எண்ணியிருக்கிறார்கள். மறையும் நேரம் வருடம் முழுவதும் மாறுமே, அதற்காக அந்த வளையமே முன்னும் பின்னும் அசைந்து கொடுக்கிறது. 24 என்ற எண் எப்போதும் அஸ்தமனத்தோடு பொருந்தி நிற்கும்.

உன் அப்பா உதயாதி நாழிகை கணக்குப் போட்டது ஞாபகம் வந்தது. சூரியன் உதித்ததிலிருந்து எத்தனை நாழிகை, எத்தனை விநாழிகை என்று விரல் கணுவில் எண்ணுவாரே. கடிகாரம் பார்த்துப் பிறந்த நேரம் சொன்னவர்களிடம், "நடு ராத்திரியில் நாள் பிறக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்பார். அவரை அந்தக் கடிகாரத்தின் முன்னால் நிறுத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் படித்திருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்க்கக் கற்றுக்கொண்டவள் நீ. எனக்கு ராசி வரிசையே ரிஷபத்துக்கு மேல் தடுமாறும். நீ வராவிட்டால் எனக்கு யார் அதைச் சொல்லித் தருவார்கள்?

இன்னொன்று கேள். அந்த ஊரின் பெரிய கல்பாலத்துக்கு நான்காம் சார்லஸ் மன்னர் 1357ஆம் வருடம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் வைத்தார் என்று சொல்கிறார்கள். வரிசையாக எழுதிப் பார்: 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள். நாள் பார்த்து, நாழிகை பார்த்து வைத்த முகூர்த்தம். அப்பா இருந்திருந்தால் அந்த மன்னருக்கு ஒரு வெற்றிலைத் தட்டு வைத்திருப்பார். அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், இரு பக்கமும் 30 சிலைகள். பகலில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டமாம். நாம் விடிகாலையில் போய்விடுவோம். நீ எப்படியும் நாலரைக்கு எழுந்துவிடுவாய். ஹாஸ்டலில் அதற்காக உன்னைச் சபித்ததற்கு இப்போது பலன் கிடைக்கப் போகிறது.

முட்டியைப் பற்றி யோசித்துவிட்டேன். கோட்டை மலை மேல் இருக்கிறது, ஏறிப் போக வேண்டாம். 22ஆம் எண் டிராம் மேலேயே கொண்டுபோய் விடும். அங்கிருந்து மெல்ல இறங்கி வரலாம். தெருவெல்லாம் சின்னச் சின்னக் கல் பாவியது, அதனால் உன் பழைய செருப்பைக் கொண்டுவராதே, தடித்த அடி வைத்த காலணி வாங்கிக்கொள். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டுமாம். மறந்தால் அபராதம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் வைட்டஸ் பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். உன் வீட்டு மாடிப்படியைக் கட்டி முடிக்காத கொத்தனாரை இனிமேல் குறை சொல்லாதே.

சாப்பாட்டுக்கும் வழி இருக்கிறது. 'நெயீம் மாசோ' என்றால் நான் மாமிசம் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். தினமும் சொல்லிப் பார்க்கிறேன், இவர் சிரிக்கிறார். அவர்கள் ஊரில் பழக் கொழுக்கட்டை ஒன்று உண்டு. மாவுக்குள் முழு பிளம் பழமோ ஆப்ரிகாட்டோ வைத்து மூடி வேகவைத்து, மேலே உருக்கிய வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். நமக்குப் பசி தெரியாது. அப்புறம், அவர்கள் மொழியில் ஓர் எழுத்து இருக்கிறதாம், 'ர'வும் 'ஷ'வும் ஒரே நேரத்தில் நாக்கில் உருளுவது போல. வெளியூர்க்காரர்களுக்கு லேசில் வராது, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கடைசியில்தான் வரும் என்கிறார்கள். ஆறாம் வகுப்பில் 'ழ' சொல்லிக்கொடுக்க நாம் பட்ட பாட்டை அங்கே ஒரு டீச்சர் இப்போதும் பட்டுக்கொண்டிருப்பாள்.

டீச்சர் என்றதும்தான், இத்தனை நாள் சொல்லத் தயங்கியதைச் சொல்ல வருகிறது.

பழைய யூதர் பகுதியில் பிங்காஸ் என்று ஒரு தொழுகைக் கூடம். அதன் உட்சுவர் முழுவதும் பெயர்கள். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்களின் பெயர்கள், ஏறக்குறைய 80,000. எல்லாம் கையால் எழுதியவை. 1950களில் ஒரு முறை எழுதினார்கள். நிலத்தடி ஈரத்தால் 1968இல் மூடிய கூடத்தை அப்போதைய அரசு இருபது வருடத்துக்கு மேல் திறக்கவில்லை. 1989இல் அந்த அரசு விழுந்த பிறகு திரும்ப முதலிலிருந்து எழுதினார்கள்.

மாடியில் குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. தெரெசீன் என்ற ஊரில் யூதர்களை அடைத்து வைத்திருந்தார்கள், நாம் வரும் ரயில் பாதைக்குப் பக்கத்து ஊர்தான். ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியரும் அங்கே அடைபட்டிருந்தார். பசியும் பேனும் நோயுமாக இருந்த அந்த இடத்தில் அவர் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்தினார். கிடைத்த காகிதத்தில் பூ, பட்டாம்பூச்சி, வீடு என்று வரையச் சொல்லி, ஒவ்வொரு படத்திலும் அந்தக் குழந்தையைத் தன் பெயரை எழுதச் செய்தார். 1944இல் அவரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ஏற்றிப்போனார்கள், அங்கே கொன்றார்கள். போகும் முன் இரண்டு பெட்டிகளில் அந்தப் படங்களை மறைத்து வைத்துவிட்டுப் போனார். ஏறக்குறைய 4,500 படங்கள். வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

இதைப் படித்த அன்று நான் சமைக்கவில்லை, ராஜி. உன் கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டிதான் கண்ணில் நின்றது. ஓய்வு பெற்ற அன்று பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளை எடைக்குப் போட விடாமல் அள்ளிக்கொண்டு வந்தாயே. "இதெல்லாம் எதற்கு" என்று நான் கேட்டேன். "பெயர் எழுதியிருக்கிறதே" என்றாய். அண்ணன்கூட அந்தப் பெட்டிக்கு வர்ணம் அடித்துக்கொடுத்தார். அந்தப் படங்களுக்கு முன்னால் நான் தனியாக நிற்க முடியாது. நீ பக்கத்தில் இருக்க வேண்டும். நான் பேசாமல் நிற்பேன், இந்தத் தடவை அதற்காக வருத்தப்படமாட்டேன்.

சனிக்கிழமை அந்தக் கூடம் மூடியிருக்கும். அதனால் செவ்வாய் போய் வெள்ளி காலை திரும்புவதாக வைத்திருக்கிறேன்.

இனிக் காரியம். அதிக நாள் ஜெர்மனியில் தங்குவதால் விசாவை ஜெர்மனிக்குத்தான் கேட்க வேண்டும், அதே விசாவில் பிராக்கும் போகலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கையில் முத்திரை வாங்க நான் மூன்று நடை நடந்தேன், நீ இப்போதே கேட்டு வை. உன் பாஸ்போர்ட் சிங்கப்பூர்க் கல்யாணத்துக்கு எடுத்தது, பத்து வருடம் முடிந்திருக்கும். பழையதைத் தேடி எடுத்துப் புதுப்பிக்கக் கொடு. பீரோவில் அண்ணன் கோப்பு ஒன்று வைத்திருப்பாரே, நீலநிற அட்டை, அதில்தான் இருக்கும். அதைத் திறக்கக் கஷ்டமாக இருந்தால் சொல். வெள்ளிக்கிழமை ரயிலேறி வருகிறேன், இரண்டு பேருமாகத் திறக்கலாம்.

குளிருக்குக் கோமதி தன் கம்பளிக் கோட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
மீனா

பி.கு.: அப்பாவின் பழுப்பு அட்டை நோட்டு, நாழிகை வாய்பாடு எழுதியது, உன்னிடம்தானே இருக்கிறது? அதைக் கைப்பையில் வை. பெட்டியில் போடாதே, தொலைந்துவிடும்.